உரிமையாளர்: மறைக்கப்பட்டுள்ளது

செவ்வாய்க்கிழமை காலையில் ஏழாம் நம்பர் வாய்க்காலின் இணையப் பக்கம் காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது.

"இந்தப் பெயரின் உரிமையாளர் யார் என்பது ஐயத்துக்கு இடமாக உள்ளது."

அம்சம் இரண்டு முறை படித்தாள். பிறகு கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனாள். நாற்றுக்கு இருபது நாள் ஆகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை அவள் முறை. அன்று காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வாய்க்கால் தண்ணீர் கடைமடையில் இருக்கும் அவளுடைய ஆறு மா நிலத்துக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு. சேற்று உழவுக்குப் பஞ்சநதத்தின் டிராக்டரைச் சொல்லியாயிற்று. நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று. இந்த முறை தவறினால் அடுத்தது பதினெட்டு நாள் கழித்து. அதற்குள் நாற்று முற்றிவிடும்.

நாலு வருடத்துக்கு முன்பு வரை முறை என்பது துரைராசுவின் ஞாபகத்தில் இருந்தது. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் அவருக்கு அறுபது மா. மதகின் ஷட்டரைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியும் அவர் வீட்டில்தான் இருந்தது. கடைமடையின் முறை வரும்போது அவருக்கு ஞாபகம் தப்பும். பிறகு பக்கம் வந்தது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று அதில் போட்டிருக்கும். யாராவது திருத்தினால் திருத்திய நேரம் விழும். தொண்ணூற்று நான்கு குடும்பங்கள் அதைத் தினமும் பார்த்தன. அதற்குப் பிறகு துரைராசுவுக்கு ஞாபகம் தப்பவில்லை. பட்டியலைப் பக்கத்தில் ஏற்றும் வேலை அம்சத்துடையது. வாய்க்கால் பாசனக்காரர்கள் கூட்டத்தில் மற்ற எல்லோரும் கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துப் படிப்பவர்களாக இருந்தார்கள்.

பக்கத்துக்குப் பெயர் பதியும்போது யார் பெயரில் பதிவது என்று சண்டை வந்தது. தலைமடைக்காரர் பெயருக்குக் கடைமடை ஒப்பவில்லை. கடைமடைக்காரர் பெயருக்குத் தலைமடை சிரித்தது. மூன்று கூட்டம் நடந்தது. நாலாவது கூட்டத்தில் பஞ்சநதம், "முனியன் பேர்ல போட்டுடுங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. சண்டை வரக்கூடிய சொத்தைச் சாமி பெயரில் எழுதிவைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். வயல், தோப்பு, குளம் எல்லாம் அப்படி எழுதப்பட்டவைதான். சாமி விற்காது. அடகும் வைக்காது.

இன்ஜினியரிங் படித்த பகலவன் படிவத்தை நிரப்பினான். உரிமையாளர்: மதகடி முனியன். முகவரி: ஏழாம் நம்பர் மதகு. அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. பகலவன் பிறகு தோஹாவுக்குப் போய்விட்டான்.

அம்சம் அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தவன்தான் அக்கா. பேரு பதியுற கம்பெனிக்காரன் ஓனர் வந்து நிக்கணும்னு கேக்குறான்."

"ஓனரு மதகுலதானடா நிக்கிறாரு."

"அதான் சிக்கல். தஞ்சாவூர்ல ஒரு ஆபீஸ் இருக்கு. போய்ப் பாருங்க. எல்லாப் பேருக்கும் யார் உரிமையாளர்னு அங்கதான் தெரியும்."

இணையப் பெயர் உரிமை விவர மையம், தஞ்சை வட்டாரம், மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. கீழே ரத்தப் பரிசோதனை நிலையம். மாடியில் மையம். படிக்கட்டில் சிலர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எந்தத் தளத்திலிருந்து வந்தவர்கள் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "எந்தப் பெயருக்கும் உரியவர் யார்? எங்களைக் கேளுங்கள்."

அம்சம் கேட்டாள். கவுன்டரில் குந்தவை என்ற பெண் இருந்தாள். பெயரைத் தட்டினாள். ஒரு தாள் வந்தது. அதில் ஊதா மையில் வட்ட முத்திரை குத்தி நீட்டினாள்.

உரிமையாளர்: மறைக்கப்பட்டுள்ளது.
முகவரி: மறைக்கப்பட்டுள்ளது.
தொலைபேசி: மறைக்கப்பட்டுள்ளது.
நாடு: இந்தியா.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே."

"நாலு விவரம் இருக்குங்க. அதுல மூணு மறைச்சிருக்கு."

"இந்தியான்னு எனக்கே தெரியுமே."

"அது ஒண்ணுதாங்க வெளியில விடலாம்."

அம்சம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பக்கத்த எதுக்குங்க நிறுத்துனீங்க?"

குந்தவை திரையைப் பார்த்தாள். "ஒரே பேர மூணு தடவைக்கு மேல தேடுனா, அந்தப் பேர்ல ஏதோ ஐயம் இருக்குன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். இத நாலு தடவ தேடியிருக்காங்க."

"யாரு தேடுனது?"

"மறைச்சிருக்கு."

"இப்ப நீங்க தட்டுனது?"

"அஞ்சாவது."

பின்னால் நின்றவர் இருமினார். அம்சம் நகரவில்லை.

"பக்கம் திரும்ப வரணும்னா என்ன செய்யணும்?"

"உரிமையாளர் யாருன்னு உறுதியாகணும். அவரு சம்மதம் குடுக்கணும்."

"அவரு யாருன்னு எனக்குத் தெரியும். மதகடி முனியன்."

குந்தவையின் கை விசைப்பலகை மேலேயே நின்றது. இருபுறமும் பார்த்தாள். "சத்தமாச் சொல்லாதீங்க" என்றாள். திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு எதையோ திறந்தாள். மூடினாள். "இது எப்படிங்க வெளியில போச்சு?"

ஒரு படிவம் வந்தது. தலைப்பு: விவரக் கசிவு வாக்குமூலம். மூன்று கேள்விகள். அம்சம் ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினாள்.

இவ்விவரத்தை எவ்வழியில் பெற்றீர்கள்? கும்பிடுவதால்.

எவ்வளவு காலமாக அறிவீர்கள்? பிறந்ததிலிருந்து.

இவ்விவரத்தை அறிந்த மற்றவர்கள்? ஊர்.

குந்தவை படித்துப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள். "சார் பேசுவாரு."

வெள்ளிக்கிழமை சார் பேசினார். அவர் பெயர் சூர்யபிரகாஷ். வட்டார விவர அலுவலர். அவர் தலைக்கு மேல் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. தென் மண்டலத்திலேயே மிகக் குறைந்த விவரம் வெளியிட்ட வட்டாரம் என்பதற்காகத் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வாங்கியது.

அம்சத்தின் வாக்குமூலம் அவர் முன் இருந்தது. அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"உக்காருங்கம்மா. ஒரு ஊருக்கே தெரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. இந்த மையத்தோட கொள்கை ரெண்டே வரி. யார் வேணும்னாலும் கேக்கலாம். யாருக்கும் சொல்றதில்ல. இந்த வட்டாரத்துல மூவாயிரத்துச் சொச்சம் பேரு இருக்கு. அத்தனைக்கும் உரிமையாளர் விவரம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. நானே பாத்ததில்ல."

"பாக்காம சரியா இருக்கான்னு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தான் அப்பப்ப ஐயப்படுறோம்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பன்னெண்டு வருஷ சர்வீஸ். ஒருத்தர் கேட்ட ஒரு விவரம்கூட நான் குடுத்ததில்ல. போலீஸ் கேட்டாங்க. பரிசீலனையில இருக்கு. எங்க மேலதிகாரியே கேட்டாரு. குடுக்கல. அவரு என்னைப் பாராட்டி எழுதுனாரு. ஒரு நாளு சும்மா என் சொந்தப் பேர்ல இருக்கிறதத் தேடிப் பாத்தேன். மறைக்கப்பட்டுள்ளதுன்னு வந்துச்சு. அன்னிக்கு நல்லாத் தூங்குனேம்மா."

"அப்ப ஜனங்க எதுக்குங்க இங்க வர்றாங்க?"

"கேக்குறதுக்கு. கேக்குறது அவங்க உரிமை இல்லையா?"

அம்சம் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். வியாழக்கிழமையைச் சொன்னாள். நாற்றைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"தண்ணி எங்க வரம்புல வராதும்மா. நாங்க பேரு மட்டும்தான்" என்றார். பிறகு நல்லவராக, அவரும் ஒரு முறை அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தார். தாள் வந்தது. முத்திரை குத்திக் கொடுத்தார். அது ஆறாவது.

"உரிமையாளர் நேர்ல வர்றதுல என்ன கஷ்டம்?"

"ஒரே எடத்துல இருக்காருங்க."

"படுக்கையா?"

"இல்லீங்க. நின்னுக்கிட்டு."

"நகரவே மாட்டாரா?"

"நான் பாத்து நகந்ததில்லீங்க."

சூர்யபிரகாஷ் கோப்பில் எழுதினார்: நடமாட இயலாதவர்; கருணை அடிப்படையில் இருப்பிடத்திலேயே முகச் சரிபார்ப்பு செய்யலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் கருணையை ஒரு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கள அலுவலர் ராஜ்குமார் வண்டியில் வந்தார். துரைராசு அன்று கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதகில் அம்சமும் பஞ்சநதமும் இருந்தார்கள். பஞ்சநதம் முனியனுக்கு வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் காட்டுவார். மற்ற நாட்களில் டிராக்டர் ஓட்டுவார்.

"உரிமையாளர் எங்க?"

பஞ்சநதம் காட்டினார். புங்கமரத்தடியில் மூன்றடிக் கல். எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. முகம் என்று எதுவும் செதுக்கியிருக்கவில்லை.

ராஜ்குமார் கல்லைப் பார்த்தார். கையிலிருந்த ஆணையைப் பார்த்தார். ஆணையில் "நடமாட இயலாதவர்" என்று இருந்தது. அது பொய் இல்லை. அவருக்கு அன்று இன்னும் நாலு ஊர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார்.

"முகம் இல்லைன்னு சொல்லுது."

பஞ்சநதம் யோசித்தார். மடியிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்தார். கண்மலர். கண் வலி தீர்ந்தவர்கள் முனியனுக்குக் கொடுத்த வெள்ளிக் கண்கள். இரண்டைத் துடைத்து, சந்தனம் வைத்துக் கல்லில் பதித்தார். கைப்பேசியில் பச்சை வட்டம் வந்தது.

"எடுத்துக்கிச்சு" என்றார் ராஜ்குமார். "இடது பக்கம் திரும்பச் சொல்லுது."

மூவரும் கல்லைப் பார்த்தார்கள்.

"சரி, நான் திரும்பிக்கிறேன்." கைப்பேசியைப் பிடித்தபடி கல்லைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்தார். ஒரு கால் வாய்க்காலுக்குள் போனது. "வலது பக்கம்" என்றார். மறுபடி நடந்தார். பாதி வலம் வந்த கணக்காயிற்று. "சிரிக்கச் சொல்லுது."

"முனி சிரிக்காது சார்."

"அத 'பிறகு'ன்னு தட்டிடுறேன். இப்ப கண்ணச் சிமிட்டணும். ரெண்டு தடவ."

மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பஞ்சநதம் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். இரண்டு கண்களையும் எடுத்தார். திரும்ப வைத்தார்.

"இன்னொரு தடவ."

எடுத்தார். வைத்தார்.

கைப்பேசி மணியடித்தது. சரிபார்ப்பு வெற்றி.

"பரவால்ல" என்றார் ராஜ்குமார், காலைத் துடைத்துக்கொண்டு. "போன வாரம் பாபநாசத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. நாப்பது தடவ சிமிட்டுனாரு. உயிரோட இருக்கிறதாவே எடுத்துக்கல."

அதன்பின் இரண்டு உறுதிமொழித் தாள்களை எடுத்தார். உரிமையாளரின் முகத்தையும் இருப்பிடத்தையும் நேரில் கண்ட சாட்சிகள், அவ்விவரங்களை எவரிடமும் எக்காலத்திலும் வெளியிட மாட்டார்கள்.

"ஊருக்கே தெரியுமே சார்" என்றாள் அம்சம்.

"ஊரு கையெழுத்துப் போடலையே. நீங்க ரெண்டு பேரும்தான் போடுறீங்க. இனிமே யார் கேட்டாலும் மறைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். மீறுனா நடவடிக்கை."

"வெள்ளிக்கிழம நான் கற்பூரம் காட்டணுமே" என்றார் பஞ்சநதம்.

"காட்டுங்க. பேரச் சொல்லாதீங்க."

புதன்கிழமை காலை குறுஞ்செய்தி வந்தது. உரிமையாளர் உறுதி செய்யப்பட்டார். முடக்கம் நாற்பத்தைந்து வேலை நாட்களுக்குள் நீக்கப்படும்.

அம்சம் மறுபடி பேருந்து ஏறினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மாடியில் கூட்டம் இல்லை. சூர்யபிரகாஷ் சென்னைக்குப் போயிருந்தார். அடுத்த கேடயம் தொடர்பாக.

"நாப்பத்தஞ்சு நாள்ல நாத்து கதிரே வச்சிடுமேங்க" என்றாள்.

குந்தவை விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள். "எங்க ஊரும் கடைமடைதாங்க்கா" என்றாள். "திருத்துறைப்பூண்டிக்குக் கெழக்க. எங்கப்பாவும் இப்படித்தான் நிப்பாரு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வேணும்னா இன்னொரு தடவ தேடித் தர்றேன்."

"தாங்க."

தாள் வந்தது. அதில் ஒரு வரி கூடியிருந்தது. நிலை: நேரில் சரிபார்க்கப்பட்டது. குந்தவை முத்திரையை மையில் நன்றாக அழுத்தி எடுத்துக் குத்தினாள். ஒரு கணம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றும் குத்தினாள்.

திரும்பும் பேருந்தில் அம்சம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் முறைப் பட்டியலை எழுதினாள். நாலு வருடமாக அவள் தட்டிய பட்டியல். தொண்ணூற்று நான்கு பெயரும் நேரமும் மனதில் இருந்தன. பேருந்து குலுங்கும்போது நிறுத்தி, நின்ற பிறகு எழுதினாள். தன் பெயர் வந்த இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகில் துரைராசு நின்றார். தோளில் இரும்புக் கைப்பிடி. தலைமடைக் கிளையில் தண்ணீர் ததும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடைமடை ஷட்டர் இறங்கியிருந்தது. பஞ்சநதம் டிராக்டரைச் சாலையில் நிறுத்திவிட்டு வந்து அம்சத்துக்குப் பின்னால் நின்றார்.

"இன்னிக்கு என் முறைங்க."

"எதுல போட்டிருக்கு?"

"பக்கத்துல."

"பக்கம் இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? பழையபடி என்னக் கேட்டுக்க. எனக்கு நெனவிருக்கிற வரைக்கும் இன்னிக்கு நம்ம முறைதான். ரெண்டு நாளு போகட்டும். பாப்போம்."

அம்சம் தாளை நீட்டினாள். துரைராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"உரிமையாளர், மறைக்கப்பட்டுள்ளது. முகவரி, மறைக்கப்பட்டுள்ளது." முத்திரைகளைப் பார்த்தார். இரண்டு. "நேரில் சரிபார்க்கப்பட்டது. நேர்லன்னா?"

"திங்கக்கிழம ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க."

"வந்து?"

"உரிமையாளரப் பாத்தாங்க."

துரைராசு சிரித்தார். "இது முனியன் பேர்லதானே கெடந்துச்சு. நானும்தானே கூட்டத்துல இருந்தேன்."

அம்சம் அவர் கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

"என்ன, இல்லையா? மாத்திட்டாங்களா?"

"சொல்லக்கூடாதுங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்ன கையெழுத்து? ஏய்யா பஞ்சநதம், நீ சொல்லு. முனியன் பேர்லதானே இருக்கு?"

பஞ்சநதம் வாய்க்காலைப் பார்த்தார். "மறைக்கப்பட்டுள்ளது" என்றார்.

"என்னய்யா உளர்ற?"

"நானும் போட்டிருக்கேன்."

துரைராசு சிரிப்பதை நிறுத்தினார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அந்த வட்டாரத்தில் எந்த நிலம் யாருடையது, எந்த நாற்காலியில் யார், அவர் யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் தெரிந்தவர். தெரிந்த பெயர் எதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. தாளை மறுபடி பார்த்தார். அதில் பெயர் இல்லை.

"முனியன் பேர்ல இருந்தா எதுக்கு மறைக்கணும்?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மையத்தில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. பதில் அங்கும் இல்லை.

தாளைத் திருப்பினார். பட்டியலைப் படித்தார். வியாழன், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அம்சம். தன்னுடைய அடுத்த முறையும் சரியான நாளில் இருப்பதைப் பார்த்தார்.

அவர் குரல் இறங்கியது. "இந்தப் பேரு யாருதுன்னு யாராச்சும் தேடிப் பாத்தா, அது அங்க தெரியுமா?"

"நாலு தடவ தேடியிருக்காங்கன்னு சொன்னாங்க."

"யாருன்னு?"

"அதுவும் அவங்ககிட்ட இருக்கு. மறைச்சு வச்சிருக்காங்க."

துரைராசு சாலையைப் பார்த்தார். சாலையில் யாரும் இல்லை. தாளை முத்திரை மடியாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தலைமடை ஷட்டரை இறக்கினார். கைப்பிடியைக் கடைமடை ஷட்டரில் செருகிச் சுற்றினார். அது துருப்பிடித்ததுபோல முதலில் அசையவில்லை. பிறகு ஏறியது. நுரையும் சருகுமாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது.

பஞ்சநதம் டிராக்டரைக் கிளப்பப் போனார். அம்சம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் இரண்டடி நடந்ததும் துரைராசு கூப்பிட்டார்.

"ஏங்க."

அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பினாள்.

"பேரு வேணாம். அது மட்டும் சொல்லுங்க. பெரிய எடமா?"

அம்சம் புங்கமரத்தடியைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து ஒரு வெள்ளிக் கண் கழன்று கீழே விழுந்திருந்தது. முனியன் இன்னொரு கண்ணால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரிய எடந்தான்" என்றாள்.